ஆற்றில் ஏன் உடனே இறங்குவதில்லை? காவல்துறை முக்குளிப்பாளர்களின் பணியும் வரலாறும்

2022 ஏப்ரல் 11, 12 ஆகிய இரு நாள்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கொட்டிய மழை, சில அளவை நிலையங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 430-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாரங்கள் கடந்தபின்பும் பலரைப் பற்றித் தகவலே கிடைக்கவில்லை. அந்த நாள்களிலும், அதற்கு முன்னும் பின்னும் வந்த ஒவ்வொரு வெள்ளத்திலும், ஆற்றங்கரையில் நிற்கும் உறவினர்களிடமிருந்து தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஆள் விழுந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுகிறோம், காவல்துறையின் முக்குளிப்பாளர்களும் வந்துவிட்டார்கள், ஆனாலும் ஏன் இறங்காமல் நிற்கிறார்கள்?

இது துக்கத்தில் எழும் கேள்வி. ஆனாலும் இதற்குத் தெளிவான விடை உண்டு. அந்த விடையைப் புரிந்துகொள்ள நீரழுத்தம், வெள்ளநீரின் இயல்பு, தேடும் முறை, சட்டம் ஆகிய நான்கையும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த்தின் இரு புறங்களிலும் உம்லத்துசானா, உம்லாஸ் ஆறுகள் ஓடுகின்றன. உம்கேனி ஆற்றின் கரையில் நம் முன்னோர் காய்கறித் தோட்டங்கள் வைத்திருந்தனர். ஆற்றோரமாகவே வாழ்ந்துவந்த சமூகம் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்?

வெள்ளக் காலத்தில் கரையில் பல நிறங்களில் சீருடைகள் தெரியும். அனைவரையும் "மீட்புக்குழு" என்றே பொதுவாக அழைத்துவிடுகிறோம். அவர்களுடைய பொறுப்புகளோ வேறு வேறானவை.

1. தேசியக் கடல் மீட்பு நிறுவனம் தன்னார்வலர்களால் இயங்குவது. 1966-இல் ஸ்டில் பே கடற்பகுதியில் 17 மீனவர்கள் மூழ்கி இறந்ததையடுத்து எழுந்த கோரிக்கையின் பேரில் 1967-இல் தொடங்கப்பட்டது. உயிரோடிருப்பவரைக் காப்பதே இதன் முதல் வேலை.

2. கடற்கரை உயிர்காப்பாளர்களும் நகராட்சியின் மீட்புப் பிரிவுகளும் நீரின் மேற்பரப்பில் செயல்படுபவர்கள். வெள்ளத்தில் சிக்கியவருக்குக் கயிறு எறிவதும், கூரைமீது நிற்பவரைப் படகில் ஏற்றுவதும் இவர்கள் வேலை.

3. தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் முக்குளிப்பாளர்கள் நீருக்கு அடியில் தேடுபவர்கள். இறந்தவரின் உடல், வீசியெறியப்பட்ட ஆயுதம், மூழ்கிய வாகனம், கப்பலின் அடிப்பகுதியில் ஒளித்துவைக்கப்பட்ட போதைப்பொருள் ஆகியவற்றைக் கண்டுபிடித்து, நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் முறையில் மேலே கொண்டுவருவது இவர்கள் பணி.

மூன்றாவது பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடிகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். நீருக்குள் மூழ்கி மூச்சு நின்றவரைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான் உண்டு. தொலைபேசி அழைப்பு சென்று, குழு திரண்டு, வாகனம் வந்து, கருவிகளைப் பொருத்தி முடிப்பதற்குள் அந்த நிமிடங்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. ஆகவே காவல்துறை முக்குளிப்பாளர் வந்து சேரும்போது அவர் முன்னால் இருப்பது, அநேகமாக, ஒரு உடலை மீட்கும் வேலை. இதை வெளிப்படையாகச் சொல்வது கடினம். கரையில் தாய் நிற்கும்போது யாரும் சொல்வதும் இல்லை. ஆனால் குழுத்தலைவரின் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஓர் உயிரைக் காப்பதற்காக ஏற்கக்கூடிய ஆபத்தை, உயிர் நீங்கிய உடலுக்காக இன்னொருவர் மீது சுமத்த இயலாது.

முத்துக்குளிப்பிலிருந்து ரெகுலேட்டர் வரை

நீருக்கடியில் வேலை செய்வது தமிழருக்குப் புதிதன்று. கொற்கை முத்தின் புகழைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபங்களில், குளியாள் கல்லொன்றின் எடையால் கீழே இறங்குவார்; தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்; கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றை மைத்துனர்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் தங்கையின் தாலி அவர் கையில் இருக்கிறது என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. இன்றைய காவல்துறை முக்குளிப்புக் குழுவிலும் மிக முக்கியமான ஆள் கரையில் கயிறு பிடித்து நிற்பவரே. அது குறித்துப் பின்னர் பார்ப்போம்.

மூச்சை அடக்கி இறங்குவதற்கு எல்லை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் டீன் சகோதரர்கள் புகை சூழ்ந்த இடத்தில் நுழைவதற்காக வடிவமைத்த தலைக்கவசம், பின்னர் நீருக்கடியில் பயன்படும் கவசமாக மாறியது. அகஸ்டஸ் சீபே 1830-களில் அதை உடலை முழுவதும் மூடும் உடையோடு இணைத்தார். மேலிருந்து குழாய் வழியே காற்று வந்ததால் மனிதர் நெடுநேரம் கீழே இருக்க முடிந்தது. மேலே வந்தபின் மூட்டுவலியும் பக்கவாதமும் சிலருக்கு மரணமும் நேர்ந்தன. காரணம் இரத்தத்தில் தோன்றும் நைட்ரஜன் குமிழிகள் என்பதை 1878-இல் பிரான்சின் பால் பெர் விளக்கினார். எப்படிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணைகளை, வெள்ளாடுகளை வைத்துச் சோதித்து, ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். 1943-இல் ஜாக் குஸ்தோவும் எமில் காஞ்ஞானும் உருவாக்கிய கருவி, சிலிண்டரில் அடைத்த காற்றைச் சுற்றுநீரின் அழுத்தத்துக்கு ஏற்ப, மூச்சிழுக்கும்போது மட்டும் தரும் ரெகுலேட்டரைக் கொண்டிருந்தது. பாரமான தலைக்கவசமும் காற்றுப் பம்பும் இல்லாமல், ஒரு வாகனத்தில் ஏற்றிச் செல்லும் அளவுக்குக் கருவிகள் சுருங்கின. உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பல நாடுகளின் காவல்துறைகள் தமக்கென முக்குளிப்புப் பிரிவுகளை அமைத்ததற்கு இந்தக் கருவியே வழி திறந்தது.

அதற்கு முன் டர்பனில் வெள்ளம் வந்தபோது யார் இறங்கினார்கள்? 1905 வெள்ளத்தில் உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த அம்பலவாணர் ஆலயமே அடித்துச் செல்லப்பட்டது. 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி கரை உடைந்து, ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் தகரக் குடிசைகளால் ஆனதால் "டின் டவுன்" என்று அழைக்கப்பட்ட இந்தியர் குடியிருப்பு நீரில் மூழ்கியது. இறந்தோர் 400-க்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அன்று மாரிமுத்து படவட்டான் தலைமையில் ஆறு மீனவர்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு, அடித்துச் செல்லும் நீரில் திரும்பத் திரும்பச் சென்று சுமார் 175 பேரைக் கரை சேர்த்தனர். "படவட்டான் அறுவர்" என்ற பெயர் இன்றும் டர்பன் இந்தியர் வரலாற்றில் மதிப்போடு சொல்லப்படுகிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது. வலை இழுத்துப் பழகிய அந்தக் கைகளுக்கு நீரோட்டத்தின் போக்கு தெரிந்திருந்தது. ஆயினும் அவர்கள் செய்தது மேற்பரப்பில் உயிருடன் தவித்தவர்களை மீட்டது. நீருக்கடியில் போனவர்களைத் தேடுவதற்கு அன்று எந்த அமைப்பும் இருக்கவில்லை.

அழுத்தம் என்ற அடிப்படை

கடல் மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. அழுத்தம் கூடும் அளவுக்குக் காற்று சுருங்குவதால், ஒரே அளவு நுரையீரலை நிரப்ப ஆழத்தில் அதிகக் காற்று வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று இருக்கும். அவசரத்துக்கென 50 பாரை ஒதுக்கிவைத்தால் பயன்படுத்தக்கூடியது 1,800 லிட்டர். அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறார் என்று கொண்டால், மேற்பரப்பில் அது 90 நிமிடம் வரும். 10 மீட்டரில் 45 நிமிடம். 20 மீட்டரில் 30 நிமிடம். ஆனால் தேடுபவர் அமைதியாக இருப்பதில்லை. நீரோட்டத்தை எதிர்த்துச் சேற்றில் ஊர்ந்து செல்லும்போது மூச்சு இரட்டிப்பாகிறது. அப்போது 20 மீட்டர் ஆழத்தில் அவருக்குக் கிடைப்பது 15 நிமிடம். கரையில் நிற்பவர்களுக்கு "இப்போதுதானே போனார், அதற்குள் வந்துவிட்டாரே" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

மேலே வரும்போது வரும் ஆபத்து வேறு. அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் சோடா புட்டியைத் திறந்ததுபோல் குமிழியாக வெளிப்படும். அதனால்தான் மெல்ல ஏறுவதும், இடையில் நின்று வருவதும், ஒரு நாளில் எத்தனை முறை இறங்கலாம் என்ற வரம்பும் கட்டாயமாகின்றன.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 82 விழுக்காடுதான். அந்த உயரத்தில் உள்ள ஓர் அணையில் 20 மீட்டர் இறங்கியவர் மேலே வரும்போது, டர்பன் கடலில் சுமார் 24 மீட்டர் இறங்கியவருக்கு நேரும் அழுத்த விகித மாற்றத்தைச் சந்திக்கிறார். கடல் மட்டத்துக்கு எழுதிய அட்டவணையை அங்கே அப்படியே பின்பற்றினால் உடல் ஊனமாகவும் கூடும்.

வெள்ளநீர் ஏன் தனி வகை ஆபத்து?

கடலில் பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர் தெளிந்த நீரையும் நல்ல நாளையும் தேர்ந்தெடுக்கிறார். காவல்துறை முக்குளிப்பாளருக்கு அந்தத் தேர்வு இல்லை.

1. நீரோட்டத்தின் விசை. ஓடும் நீர் ஓர் உடலைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். நேற்று நடந்து கடந்த ஓடை இன்று ஒரு காரை உருட்டுவதற்கு இதுவே காரணம்.

2. அழுத்த வேறுபாடு. முக்குளிப்பாளர்கள் மிகவும் அஞ்சுவது இதைத்தான். அணையின் மதகு, தடுப்பணை, சாலைக்கு அடியில் செல்லும் குழாய் என ஒரு பக்கம் நீர் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் உள்ள இடங்களில் நீர் துளைக்குள் பாய்கிறது. 5 மீட்டர் நீருக்குக் கீழே 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு துளையை எடுத்துக்கொள்வோம். அதை ஒருவரின் உடல் அடைத்துவிட்டால், அவரை அங்கே அழுத்திப் பிடிக்கும் விசை சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். எத்தனை பேர் கயிற்றை இழுத்தாலும் அவரை உயிரோடு பிரித்தெடுக்க இயலாது. மேற்பரப்பில் இதற்கு அறிகுறி எதுவும் தெரியாமலும் இருக்கலாம். மதகை மூடி, நீர்மட்டம் இரு பக்கமும் சமமாகும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. "அணைக்காரர்களுக்குத் தகவல் போயிருக்கிறது" என்று அதிகாரி சொன்னால் அவர் காலம் கடத்துவதாக எண்ண வேண்டாம். தன் ஆளின் உயிரைக் காக்கிறார்.

3. சிக்கவைக்கும் பொருள்கள். வேரோடு சாய்ந்த மரம், கம்பிவேலி, கூரைத் தகடு, மெத்தை, மீன்வலை ஆகியவை வெள்ளத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நீர் அவற்றின் ஊடே ஓடிவிடும், மனிதர் சிக்கிக்கொள்வார். இனாண்டா, ஹார்ட்பீஸ்பூர்ட் போன்ற அணைகளில் ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல் மூடிக்கிடப்பதால், மேலே வருபவருக்குத் தலைக்குமேல் திறந்த நீர் இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

4. மாசு. 2022 வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர்க் கட்டமைப்பு பலத்த சேதமடைந்தது. ஈ. கோலை கிருமியின் அளவு மிகுந்ததால் கடற்கரைகள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நீரில் இறங்குபவருக்கு முகம் முழுவதையும் மூடும் கவசமும், தோலில் நீர் படாத உலர் உடையும் தேவை. எலிக்காய்ச்சலும், இம்மாகாணத்தின் ஆறுகளில் நத்தை வழியே பரவும் பில்ஹார்சியாவும் கூடுதல் கவலைகள்.

5. உயிரினங்கள். புல் ஷார்க் என்றும் இங்கே ஜாம்பேசி சுறா என்றும் அழைக்கப்படும் சுறா, கலங்கிய நீரையும் நன்னீரையும் தாங்கி ஆற்று முகத்துவாரங்களுக்குள் வரக்கூடியது. மாகாணத்தின் வடபகுதி ஆறுகளிலும் செயின்ட் லூசியா கழிமுகத்திலும் முதலையும் நீர்யானையும் உண்டு. அங்கே முதலில் துப்பாக்கியோடு காவல், அதன் பிறகே முக்குளிப்பு.

இந்த ஐந்தையும் எடைபோட்டு "இறங்கலாம்" அல்லது "காத்திருங்கள்" என்று சொல்லும் அதிகாரம் குழுவின் முக்குளிப்பு மேற்பார்வையாளருக்கு உண்டு. பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் குறித்த 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் சட்டத்தின்கீழ் அமைந்த, 2009-ஆம் ஆண்டின் முக்குளிப்பு விதிமுறைகள், இந்நாட்டில் தொழில்முறையாக முக்குளிப்பவர்களை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. சிலிண்டரோடு இறங்கும் நான்காம் வகுப்பினருக்கு ஆழ வரம்பு 30 மீட்டர். மேற்பார்வையாளர் இல்லாமலும், தயார்நிலையில் இன்னொரு முக்குளிப்பாளர் கரையில் இல்லாமலும் ஒருவர் இறங்குவதில்லை. கரையில் முழு உடையோடு சும்மா உட்கார்ந்திருப்பவராகத் தெரியும் அந்த இரண்டாம் ஆள், கீழே இருப்பவருக்கு ஏதேனும் நேர்ந்தால் சில நொடிகளில் இறங்குவதற்காகவே அங்கே இருக்கிறார். அவரையும் இறக்கித் தேடச்சொல்வது நியாயமாகத் தோன்றலாம். அப்படிச் செய்தால் முதல் ஆளுக்குப் பாதுகாப்பே இல்லாமல் போகும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் ஆறு பலி வாங்குகிறது. அதே 2022 ஏப்ரலில், காணாமற்போனவர்களைத் தேடும் பணியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே ஈடுபட்டிருந்த காவல்துறை தேடுதல் மீட்புப் பிரிவின் பெண் சார்ஜன்ட் ஒருவரும் அவருடைய நாயும் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அந்த வெள்ளத்தின் இறப்புக் கணக்கைச் சொல்லும்போது அவரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விரல்களால் பார்ப்பவர்கள்

வெள்ளம் வடிந்த ஆற்றில் முகக்கவசத்தின் கண்ணாடிக்கு முன்னால் கையை வைத்தாலும் தெரியாது. விளக்கும் உதவாது, வண்டலில் ஒளி சிதறிப் பழுப்பு நிறத் திரையாகிவிடும். முக்குளிப்பாளர் வயிறு தரையில் படும்படி தாழ்ந்து, ஒரு கையில் கயிற்றைப் பற்றி, மறுகையை அரைவட்டமாக வீசித் தடவிக்கொண்டே நகர்கிறார். வழுவழுப்பான வளைவு என்றால் டயர். மென்மையாக அமுங்கினால் மெத்தை அல்லது ஊறிய மரம். துணி தட்டினால் நிற்கிறார். துணிக்குள் என்ன என்பதைக் கையுறை அணிந்த விரல்களால் மெல்ல அழுத்தி உணர்கிறார். பெரும்பாலும் அது வெள்ளம் அடித்துவந்த திரைச்சீலையாகவோ மூட்டையாகவோ இருக்கும். அப்படி இல்லாத ஒரு முறைக்காகவே அவர் ஒவ்வொரு முறையும் நிற்கிறார்.

கண் இல்லாத இடத்தில் ஒழுங்கே கண்ணாகிறது. வட்டத் தேடலில், நடுவில் ஓர் எடையை இறக்கி, அதில் கட்டிய கயிற்றின் நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கயிற்றைச் சிறிது நீட்டி அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். ஓடும் ஆற்றில் வட்டம் சரிப்படாது. அங்கே கரையில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருக்க, முக்குளிப்பாளர் ஊசல்போல் இங்கும் அங்கும் வில்வடிவமாக நகர்கிறார். பரந்த அணையில் அடித்தளத்தில் இரு எடைகளுக்கிடையே கயிறு கட்டி, அதைப் பற்றியே நேராகச் சென்று, முனையை நகர்த்தித் திரும்பி வருவது உண்டு. எந்த முறையானாலும் நோக்கம் ஒன்று: தேடிய இடம், தேடாத இடம் இரண்டையும் ஐயமின்றிப் பிரித்து வரைபடத்தில் குறிப்பது. "இங்கே இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் ஒரு கண்டுபிடிப்பே, ஏனெனில் நாளைய தேடல் அங்கிருந்து நகர்கிறது.

கயிறு பிடிப்பவர் இதில் வெறும் துணையாள் இல்லை. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, தொடர்ந்த இழுப்பு என்று குழு முன்கூட்டியே வகுத்துக்கொண்ட சைகைகளால் அவரே கீழே இருப்பவருக்குத் திசை சொல்கிறார், மூச்சைக் கணக்கிடுகிறார், நேரம் பார்க்கிறார். கயிற்றின் அதிர்வில் தன் நண்பர் நகர்கிறாரா, சிக்கிக்கொண்டாரா என்று அவருக்குத் தெரியும். அவரிடம் போய்க் கேள்வி கேட்பதும், அவருக்கு அருகே நெருக்கி நிற்பதும் கீழே இருப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

இறங்குவதற்கு முன் பரப்பைக் குறைக்கும் கருவிகளும் உதவிகளும் உண்டு. பக்கவாட்டில் ஒலியை அனுப்பி எதிரொலியால் அடித்தளத்தைப் படமாக்கும் சோனார், கலங்கிய நீரிலும் காரின் வடிவத்தைக் காட்டிவிடும். பயிற்சி பெற்ற நாய் படகின் முனையில் படுத்து, நீரின் ஊடே மேலே வரும் வாசனையைக் கண்டு குரைக்கும். உடலின் போக்கு குறித்த அறிவும் முக்கியம். மூழ்கியவர் பெரும்பாலும் முதலில் அடியில் தங்குகிறார். உடலுக்குள் வாயு உருவாகும்போதே மேலே வருகிறார். வெதுவெதுப்பான நீரில் இதற்குச் சில நாள்கள் போதும். குளிர்ந்த நீரில் வாரங்கள் ஆகலாம். ஆழமும் குளிரும் மிகுந்த இடத்தில் வராமலே போகலாம். தேங்கிய நீரில் உடல் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதும், அடித்தளத்தில் நீரோட்டம் மேற்பரப்பைவிட மெதுவாக இருக்கும் என்பதும் அனுபவமுள்ளவர்கள் அறிந்தவை.

ஆகவே எல்லாக் கருவிகளையும்விட மதிப்புள்ள தகவல் கரையில் இருப்பவரிடம் இருக்கிறது: கடைசியாகக் கண்ட இடம். பார்த்தவர் தாம் நின்ற இடத்தை விட்டு நகராமல், அங்கே ஒரு கல்லையோ குச்சியையோ வைத்து, எதிர்க்கரையில் எந்த மரத்துக்கு நேராக ஆள் மூழ்கினார் என்பதை நினைவில் நிறுத்தி, நேரத்தையும் குறித்துக்கொண்டால் தேடல் நாள்களிலிருந்து மணிகளாகக் குறையக்கூடும். பலர் ஓடிவந்து, பலவிதமாகச் சொல்லி, முதலில் பார்த்தவர் யார் என்றே தெரியாமல் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தடயம் என்ற நோக்கில்

ஒருவர் நீரில் இறந்துகிடந்தால் அவர் மூழ்கி இறந்தார் என்பது தானாகவே பெறப்படுவதில்லை. மூழ்கி இறந்ததற்கென உறுதியான ஒற்றைச் சான்று பிரேதப் பரிசோதனையில் கிடைப்பதில்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே மருத்துவர் அம்முடிவுக்கு வருகிறார். அதனால் ஒவ்வோர் உடலும், மறுப்புச் சான்று கிடைக்கும்வரை, ஒரு குற்ற இடமாகவே கையாளப்படுகிறது.

1. கண்ட பொருளை உடனே தூக்கக் கூடாது. மிதவை கட்டி இடத்தைக் குறித்து, ஆழமும் கிடந்த நிலையும் பதிவான பிறகே அசைக்கலாம்.

2. உடலை இயன்றவரை நீருக்கடியிலேயே பையிட்டு மேலே கொண்டுவர வேண்டும். இழுத்துவரும்போது நார், முடி, மண் போன்ற நுண்தடயங்கள் கழுவிப்போகாமல் இருக்கவும், குடும்பத்தார் காணக்கூடாததைக் காணாமல் இருக்கவும் இது தேவை.

3. துப்பாக்கியோ கத்தியோ கிடைத்தால், அதைத் துடைத்துக் காயவைப்பது பெருந்தவறு. காற்றுப் பட்டதும் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். எந்த நீரில் கிடந்ததோ அதே நீரை நிரப்பிய பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நீரில் கிடந்த பொருளிலும் கைரேகை எஞ்சியிருக்கலாம். ஈரமான பரப்பிலேயே அதை வெளிப்படுத்தும் நுண்துகள் கரைசல் உண்டு.

4. எடுத்தவர், பெற்றவர், கொண்டுசென்றவர் என்று ஒப்படைப்புத் தொடர் இடைவெளியின்றி எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கையொப்பம் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிலேயே நிற்பார்.

இத்தனையும் இருட்டில், குளிரில், 15 நிமிடக் காற்றுக்குள் நடக்க வேண்டும். ஒரு நல்ல நீச்சல்காரரைக் காவல்துறை முக்குளிப்பாளராக ஆக்குவதற்கு நீண்ட பயிற்சி தேவைப்படுவது இதனால்தான். துறைமுகப் பணியும் இதே வகையானது. கப்பலின் அடியில் குளிர்விப்புக்காகக் கடல்நீரை உள்வாங்கும் அறைகளில் போதைப்பொருளை ஒளிப்பது உலகெங்கும் அறியப்பட்ட முறை. அவற்றைச் சோதிக்க இறங்குமுன் பம்புகளும் சுழலியும் நிறுத்தப்பட்டுப் பூட்டப்பட்டுள்ளனவா என்று உறுதிசெய்ய வேண்டும். முன்னர் சொன்ன அழுத்த வேறுபாடு அங்கேயும் காத்திருக்கிறது.

போஸ்மான்ஸ்காட் கற்பித்தது

உடலுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்விக்கு இந்நாட்டில் மறக்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. வடகேப் மாகாணத்தில் உள்ள போஸ்மான்ஸ்காட், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 270 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்ட நன்னீர்க் குகை. 1994 டிசம்பரில் அங்கே ஓர் இளைஞர் முக்குளிப்பின்போது இறந்தார், உடல் கிடைக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 2004 அக்டோபரில், டேவ் ஷா என்ற ஆஸ்திரேலிய முக்குளிப்பாளர் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் அவ்வுடலைக் கண்டார். பெற்றோரிடம் மகனை ஒப்படைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 2005 ஜனவரி 8 அன்று மீண்டும் இறங்கினார். அந்த ஆழத்தில் உடலைப் பையிட முயலும்போது கயிறு சிக்கி, உழைப்பால் மூச்சு மிகுந்து, கரியமில வாயு உடலில் தேங்கி அவரும் இறந்தார். சில நாள்கள் கழித்துக் கருவிகளையும் கயிற்றையும் மேலே எடுத்தபோது இரு உடல்களும் குகையின் கூரைக்கு அருகே மிதந்து வந்திருந்தன. அந்த ஆழம் குறைந்த இடத்திலிருந்து அவற்றை வெளியே கொண்டுவந்தவர்கள் காவல்துறை முக்குளிப்பாளர்கள்.

ஷாவின் துணிவை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஓர் அரசுப் பணியின் விதி அந்தத் துணிவை நம்பி எழுதப்பட இயலாது. 30 மீட்டர் வரம்பும், "இன்று இறங்கமாட்டோம்" என்று சொல்லும் உரிமையும், இரண்டாவது சவப்பெட்டி வராமல் இருப்பதற்காக வகுக்கப்பட்டவை. அந்த வரம்புக்குள்ளேயே இந்த வேலை மனத்தில் விட்டுச்செல்லும் காயம் பெரியது. இருட்டில் ஒரு குழந்தையின் கை தன் கையில் படுவதை அனுபவித்தவர் மறுநாளும் அதே வேலைக்கு வர வேண்டியிருக்கிறது. கருவிகளுக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இவர்களுடைய மனநலத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

உடல் கிடைக்காதபோது

2022-இல் காணாமற்போனவர்களில் சிலர் மண்சரிவில் புதையுண்டிருக்கலாம். சிலரை ஆறு கடலுக்கே கொண்டுபோயிருக்கலாம். எத்தனை முக்குளிப்பாளர்கள் இருந்தாலும் எல்லா உடல்களும் கிடைப்பதில்லை. அப்போது குடும்பத்துக்கு நேரும் இடர்ப்பாடு இரண்டு வகையானது.

முதலாவது சடங்கு சார்ந்தது. தகனம் இல்லாமல் அஸ்தி இல்லை. இறந்த நாள் தெரியாமல் 16-ஆம் நாள் கருமாதியை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற தயக்கம் வருகிறது. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்டிக் கருமங்களைச் செய்யும் வழி சாத்திரத்திலேயே உண்டு. எப்போது அதைச் செய்வது என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களும் பூசாரியுமே முடிவுசெய்ய வேண்டும். காவல்துறை தேடலை நிறுத்துவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது சட்டம் சார்ந்தது. உடல் இல்லாமல் மருத்துவர் இறப்பை உறுதிசெய்ய முடியாது. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் காப்பீடு, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எதுவும் நகராது. இதற்கு 1959-ஆம் ஆண்டின் 58-ஆம் எண் மரண விசாரணைச் சட்டம் வழி தருகிறது. உடல் கிடைக்காவிட்டாலும் நீதித்துறை நடுவர் விசாரணை நடத்தி, இறப்பு நிகழ்ந்தது என்று முடிவு கூறலாம். அம்முடிவை உயர் நீதிமன்றம் பரிசீலித்து உறுதிசெய்தால், ஒருவர் இறந்ததாகக் கருதும் நீதிமன்ற ஆணைக்குரிய வலிமை அதற்குக் கிடைக்கிறது. குடும்பத்தார் நேரடியாக உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. எஞ்சியிருக்கும் துணைவருக்குத் திருமண பந்தம் முடிவுற்றதாக அறிவிக்க 1979-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் தனிச்சட்டம் உள்ளது.

இந்த விசாரணையில் நடுவர் முன் வைக்கப்படும் ஆவணங்களுள் முக்குளிப்புக் குழுவின் பதிவேடும் இடம்பெறலாம்: எந்த நாள், எந்த மணி, யார் இறங்கினார், எவ்வளவு ஆழம், எந்தப் பரப்பு தேடப்பட்டது, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. கடைசியாகக் கண்டவரின் வாக்குமூலமும் அதனோடு சேர வேண்டும். ஆகவே காணாமற்போனவர் குறித்த புகாரை அன்றே காவல்நிலையத்தில் பதிவுசெய்து, வழக்கு எண்ணைப் பெற்று, தேடலுக்குத் தலைமை தாங்கிய அதிகாரியின் பெயரையும் தேடல் நடந்த நாள்களையும் குடும்பத்தில் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.